பிலிம் டப்பாக்களுக்கு முதல்ல ஒரு நிரந்தர வீடு குடுங்க: பிலிப்பைன்ஸ் திரைப்பட வளர்ச்சி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சில்ல பொறுப்புல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

உங்க நாட்டுப் படங்களை ரொம்ப காலமா தேடிப் பாத்துட்டு வர்ற ஒரு தமிழ் ரசிகன் எழுதுறேன். லீனோ ப்ரோக்கா, இஷ்மாயேல் பெர்னால், மைக் டி லியோன்னு இந்த மூணு டைரக்டர்களோட படங்களைப் பாத்ததுக்கு அப்புறம் இதுக்கு முன்னாடி அங்க என்னவெல்லாம் எடுத்திருப்பாங்கன்னு பின்னாடி போய்த் தேட ஆரம்பிச்சேன், போகப் போக படமே இல்ல, வெறும் பேரும் போஸ்டரும்தான் இருக்கு. அந்த ஆதங்கத்துலதான் இந்த மடல்.

2019 செப்டம்பர் 12ல உங்க சினிமாவுக்கு நூறு வயசுன்னு கொண்டாடினீங்க. சந்தோஷம். ஆனா எந்தப் படத்துல இருந்து அந்த நூறை எண்ணினீங்களோ, ஹோசே நெப்போமுசேனோ எடுத்த அந்த 'தலாகாங் புகிட்' இன்னைக்கு உலகத்துல யார் பாக்கணும்னாலும் கிடையாது. மேடையில சக்கைப்போடு போட்ட ஒரு சர்சுவேலா இசை நாடகத்தைத்தான் அவர் படமா எடுத்தார், நாடகத்துல நடிச்ச அதாங் டெ லா ராமாவே படத்துலயும் கதாநாயகி. படத்துல சத்தம் கிடையாதே, அதனால திரையில அவங்க உருவம் ஓடிட்டிருக்கும்போது அதே அதாங் தியேட்டர்ல நேர்ல நின்னு 'நபாசாக் ஆங் பங்கா' பாட்டைப் பாடுவாங்களாம், கூடவே பியானோ, வயலின், ட்ரம்பெட்னு வாத்தியக்காரங்க வேற. ஒரே பொண்ணு திரையிலயும் இருக்காங்க, திரைக்குப் பக்கத்துல நின்னு பாடவும் செய்றாங்க, அதைப் பாத்த ஜனங்க முகம் எப்படி இருந்திருக்கும்! அந்தப் படத்தோட ஒரு பிரதியை நம்மால காப்பாத்த முடியலையேன்னு நினைக்கும்போது மனசு ஆறமாட்டேங்குது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி எடுத்த படங்கள் சுமார் 350ன்னு சொல்றாங்க, அதுல முழுசா மிஞ்சினதை விரல் விட்டு எண்ணிடலாம். 1945 மணிலா சண்டையில ஊரே தரைமட்டமாச்சு, படமும் போச்சு, அது புரியுது. ஆனா எல்லாப் பழியையும் போர் மேல போட முடியாது. நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், அதுக்கப்புறம் வந்த அசிடேட் பிலிம் வெக்கையிலயும் ஈரப்பதத்துலயும் தானா அசிட்டிக் அமிலத்தை விட ஆரம்பிக்கும், டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை குப்புன்னு மூக்குல ஏறும், சுருள் சுருங்கி வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒரு டப்பாவுல ஆரம்பிச்சா அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுத்துடும். மணிலா மாதிரி ஒரு ஊர்ல ஏசி இல்லாத ரூம்ல பிலிமை வச்சா அது தாங்காது. இது பத்தாதுன்னு பழைய பிலிமை வெட்டி புது வருஷத்துக்கு ஊதுற டோரோடோட் ஊதல் செஞ்சு வித்ததா உங்க ஊர்க்காரங்களே எழுதியிருக்காங்க. படிச்சப்ப ரொம்ப வலிச்சுது.

மிஞ்சினது எப்படி மிஞ்சுச்சுன்னு பாத்தா இன்னும் கஷ்டமா இருக்கு. 1937ல வந்த 'சம்போவாங்கா' அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல கிடைச்சுது. மனுவேல் கோண்டேவோட 'ஜெங்கிஸ் கான்' 1952ல வெனிஸ் விழாவுக்குப் போச்சு, போன இடத்துல ஒரு பிரதி தங்குனதாலதான் 2012ல அதே வெனிஸ்ல புதுப்பிச்சுத் திரையிட முடிஞ்சுது. ப்ரோக்காவோட 'மணிலா இன் த க்ளாஸ் ஆஃப் லைட்' நெகட்டிவ் லண்டன்ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல பத்திரமா இருந்ததால 2013ல ஹாலிவுட் டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்சேசியோட ஃபவுண்டேஷனும் உங்க கவுன்சிலும் சேர்ந்து இத்தாலியில போலோன்யா லேப்ல அதை மீட்டெடுத்தீங்க. அதுக்கு உங்களுக்கு மனசார நன்றி. ஆனா வெளிநாட்டுக்குப் போன படம் பிழைச்சுது, வீட்டுல இருந்த படம் செத்துப்போச்சுங்கிற நிலைமை இனிமே தொடரக்கூடாதுங்க. ஹெரார்டோ டி லியோன் மாதிரி ஒரு மேதையோட 'டாய்க்டிக் நங் மஙா ஆப்பி' 1965ல வந்த படம், போருக்கு இருபது வருஷம் கழிச்சு வந்தது, அதுவே இல்லன்னா என்ன சொல்றது?

அதிபர் மார்க்கோஸ் காலத்துல 1980கள் ஆரம்பத்துல ஒரு அரசு ஆவணக்காப்பகம் வந்துச்சு, 1986ல ஆட்சி மாறினதும் அதுவும் நின்னு போச்சு, மறுபடி ஒண்ணு உருவாக 2011 ஆயிடுச்சு. நடுவுல கால் நூற்றாண்டு. அந்த வருஷங்கள்ல எத்தனை நெகட்டிவ் வினிகரா போயிருக்கும்! அரசு செய்ய வேண்டியதை ஒரு டிவி கம்பெனி செஞ்சுது, ஏபிஎஸ்-சிபிஎன் 'சாகிப் பெலிக்குலா'ன்னு ஒரு பட மீட்புத் திட்டத்தை ஆரம்பிச்சு 'ஹிமாலா' படத்தை 2012ல மீட்டுக் கொண்டு வந்தாங்க. நோரா ஔனோர் நடிப்பை அந்தத் தெளிவுல பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. அப்புறம் 2020ல அந்தக் கம்பெனிக்கு ஒளிபரப்பு உரிமையே கிடைக்காமப் போச்சு. அந்த டீம் அதுக்கப்புறமும் வேலையை விடல, அவங்களைக் கும்பிடணும். ஆனா ஒரு நாட்டோட மொத்த சினிமா ஞாபகமும் ஆட்சி மாறினாலோ லைசன்ஸ் போனாலோ ஆட்டம் காணுற இடத்துல இருக்கலாமா?

2002ல வந்த 9167ஆம் எண் சட்டத்துலதான் உங்க கவுன்சிலே பிறந்துச்சு, ஆவணக்காப்பகப் பொறுப்பும் அதுலயே உங்களுக்குத்தான் இருக்கு. அதனால உங்ககிட்டதான் கேக்க முடியும். விழாவுக்கும் சிவப்புக் கம்பளத்துக்கும் முன்னாடி குளிர் அறைக்குக் காசு ஒதுக்குங்க, நிரந்தரக் கட்டடம், கரண்ட் போனாலும் புயல் வந்தாலும் நிக்காத ஜெனரேட்டர், வேலை நிரந்தரமான டெக்னீஷியன்கள். உங்ககிட்ட என்னென்ன டப்பா இருக்கு, எது எந்த நிலைமையில இருக்குன்னு ஒரு பட்டியலை எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்க. எல்விஎன், சம்பாகிட்டா, பிரீமியர்னு பழைய ஸ்டூடியோக்கள்ல வேலை பாத்தவங்க குடும்பங்கள், மாகாணங்கள்ல மூடிக்கிடக்கிற தியேட்டர்காரங்க, இவங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்குன்னு ஆள் அனுப்பிக் கேளுங்க. ஸ்பெயின், அமெரிக்க ஆவணக்காப்பகங்கள்லயும் தேடச் சொல்லுங்க, 'சம்போவாங்கா' கிடைச்ச மாதிரி இன்னும் கிடைக்கலாம். மீட்டெடுத்த படங்களை சப்டைட்டிலோட எங்களை மாதிரி வெளிநாட்டு ஆளுங்களும் காசு கட்டிப் பாக்க ஒரு வழி பண்ணுங்க, கண்டிப்பா கட்டிப் பாப்போம்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் ரசிகன்