ஜூலிக்குப் போட்டது மருந்தா, உப்புநீரா?

செல்லப்பிராணிகளிடம் மருந்து ஆய்வு நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கும், அதற்குப் பணம் தரும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

என் நாய் ஜூலி உங்களைப் போன்ற ஒரு குழுவின் ஆய்வில் 17-ஆம் எண். பின்னங்கால் மூட்டு தேய்ந்து, படியேறுவதையே நிறுத்தியிருந்தாள். புதிதாக ஒரு வலிக்குறைப்பு ஊசியைச் சோதிக்கிறோம், பாதி நாய்களுக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர், எதற்கு எது என்று ஊசி போடுகிற எங்களுக்கே தெரியாது என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வலி அதிகமானால் வழக்கமான மாத்திரை கொடுப்போம் என்றும் படிவத்தில் இருந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதனால் உப்புநீரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

புகார் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. கடைசி ஊசி, கடைசி ரத்தப் பரிசோதனை, ஒரு நன்றி. அப்புறம் ஒன்றுமே இல்லை. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்கு, கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. ஜூலி போன வருடம் வயதாகி இறந்துபோனாள். அவள் உடம்பில் ஏறியது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மருந்து வேலை செய்ததா என்பதும் தெரியாது.

கூடவே இருந்து பார்த்தவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. வாரம் ஒரு படிவம் நான் நிரப்ப வேண்டியிருந்தது: எழுந்திருக்கச் சிரமப்படுகிறாளா, நடக்க ஆர்வம் காட்டுகிறாளா, வலி எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். மூன்றாவது வாரமே வலி மதிப்பெண்ணைக் குறைத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். பொய் எழுதவில்லை. தேவலையாக வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. மூட்டு நோயால் நொண்டிய 58 நாய்களுக்கு, ஜூலியின் ஆய்வில் உப்புநீர் போல, மருந்தே இல்லாத வெற்று மருந்துதான் கொடுத்திருந்தார்கள். நாய் காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்று ஒரு கருவி அளந்தது. கருவி முன்னேற்றம் காட்டாதபோதும் வளர்ப்பவர்கள் பாதிக்கு மேல் ‘பரவாயில்லை, தேறிவிட்டது’ என்றே சொல்லியிருந்தார்கள். பரிசோதித்த மருத்துவர்களுக்கும் அதே சறுக்கல் நேர்ந்திருந்தது. ஆக, ஒரு நாயை ஒரு வீட்டில் வைத்துப் பார்த்து உண்மை தெரியாது. அதற்காகத்தானே ஆய்வே நடத்துகிறீர்கள்? அந்த உண்மை உங்கள் அலமாரியில் இருக்கிறது, என்னிடம் இல்லை.

வெளியே வந்த ஆய்வுகள் என்ன செய்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இதய வால்வு நோய் வந்து இதயம் பெருத்திருந்த, ஆனால் மூச்சுத் திணறல் இன்னும் தொடங்காத 360 நாய்களிடம் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைச் சோதித்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போயிருந்தது. இடையில் எடுத்த கணக்கிலேயே பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். வெற்று மருந்துப் பக்கம் விழுந்த நாய்களை நினைத்தால், அந்த முடிவுக்கு எழுந்து நின்று வணக்கம் வைக்கத் தோன்றுகிறது.

பூனை வளர்ப்பவர்களைக் கேட்டால் எஃப்ஐபி கதையைச் சொல்வார்கள். பூனையின் கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளேயே உருமாறி வரும் நோய் அது. வந்தால் பூனை பிழைக்காது என்றுதான் பல காலம் இருந்தது. 2019-இல் வெளியான ஆய்வில் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்தார்கள், 25 நீண்டநாள் பிழைத்தன. ஆனால் உரிமம் வைத்திருந்த நிறுவனம் அதை விலங்குகளுக்கான மருந்தாகக் கொண்டுவரவில்லை. மக்கள் சும்மா இருப்பார்களா? கள்ளச் சந்தையில் குப்பிகளை வாங்கி, வீட்டிலேயே தினமும் ஊசி போட்டார்கள். உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதற்கு லேபிளை நம்ப முடியாத நிலை. 84 நாள் போட வேண்டும் என்பது, முதல் ஆய்வு 12 வாரம் என்று வைத்துக்கொண்டதிலிருந்து வந்த கணக்கு. 2024-இல் வெளியான, வயிற்றிலோ நெஞ்சிலோ நீர்கோத்த 40 பூனைகளின் ஆய்வுதான் 42 நாளே அதே பலனைத் தருகிறது என்று காட்டியது. முறையான ஆய்வு இல்லையென்றால் வளர்ப்பவர்களே ஆய்வு நடத்திவிடுவார்கள், கணக்கு வைத்துக்கொள்ளாமல்.

இவையெல்லாம் ஜெயித்த கதைகள், அதனால் காதுக்கு வந்தன. தோற்ற மருந்து என்ன ஆகிறது? யாரும் எழுதாவிட்டால், வேறொரு குழு அதே மருந்தை இன்னொரு முறை வேறு நாய்களுக்குப் போட்டுப் பார்க்கும். மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பொதுவில் பதிவு செய்யாவிட்டால் வெளியிட மாட்டோம் என்று முக்கியமான மருத்துவ இதழ்கள் 2005 முதலே சொல்லிவருகின்றன. விலங்குகளுக்கென்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2016-இல் ஒரு பட்டியலைத் தொடங்கியது. நல்ல காரியம்தான், ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம்.

நிறுவனத்தின் வணிக ரகசியம் என்பீர்கள். சரி, மருந்தை எப்படிச் செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. தொடங்கும்போது ஆய்வைப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் ஜெயித்ததோ தோற்றதோ, பக்கவிளைவு உட்பட எங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். என் நாய் எந்தப் பிரிவில் இருந்தது என்று சொல்லுங்கள். கணக்கு முடிக்க எப்படியும், எந்த நாய்க்கு எது என்று மூடிவைத்த சீட்டைப் பிரிக்கத்தானே போகிறீர்கள்.

ஜூலியின் குட்டி இப்போது எட்டு வயதுக்காரன். அம்மாவைப் போலவே காலையில் எழும்போது பின்னங்காலை இழுக்கிறான். எங்கள் மருத்துவர், “அம்மாவுக்கு அந்த ஊசி ஒத்துக்கொண்டதா?” என்று கேட்டார். முழித்தேன். போன வாரம் இன்னோர் ஆய்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. படிவம் மேசைமேல் கிடக்கிறது, எட்டுப் பக்கம். முடிவை எனக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்புங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
17-ஆம் எண் நாயை வளர்த்தவன்