சயாம் படங்களைப் பார்க்க வந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போனவர்களை நினைத்து, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடினோம். என் தாத்தாவும் 1943இல் தோட்டத்திலிருந்து அங்கே போனவர்தான். திரும்பி வரவில்லை. ஒரு போட்டோகூட இல்லை. அவர் எப்படிப்பட்ட இடத்தில் கிடந்தார் என்றாவது பார்க்கலாமே என்றுதான் இந்தப் படங்களைத் தேடத் தொடங்கினேன்.

முதல் நன்றி நூலகத்து அக்காவுக்கு. ரொனால்ட் சர்ல், ஜாக் சால்கர் இருவரின் ஓவியங்கள் உள்ள புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தவணை தாண்டியும் முகம் சுளிக்கவில்லை. இருவரும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, அதே ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள். அங்கே படம் வரைவது காவலர்களுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. சர்ல் தன் படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தார்; நோய்க்குப் பயந்து காவலர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். சால்கர் மூங்கில் குழாயில் போட்டுப் புதைத்தார். ஒருமுறை பிடிபட்டுப் பயங்கரமாக அடியும் வாங்கினார். அப்புறமும் வரைந்தார்!

புரொஜெக்டர் கொடுத்த அண்ணனுக்கு நன்றி. அண்ணே, பாதியில் அது அணைந்துபோனதற்கு நீங்கள் இத்தனை தடவை மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது அணைந்ததால்தான் புத்தகம் கைமாறிக் கைமாறி அந்தப் பாட்டியின் மடிக்கு வந்தது.

பாட்டிக்கு 88 வயது. சால்கர் வரைந்த புண்பிடித்த கால் ஒன்றில் அவர் விரல் நின்றது. மூங்கில் கீறினாலே போதும், கால் எலும்பு தெரிய அழுகிவிடும். மருந்து கிடையாது, கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள். "எங்கப்பா வந்தப்ப கால் இப்படித்தான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். மண்டபமே அமைதியாகிவிட்டது. பாட்டி, உங்களுக்குத்தான் பெரிய நன்றி.

நான் பார்த்த பக்கங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகங்கள்தான். தாத்தா போலப் போன பல்லாயிரம் தமிழரை அவற்றில் காணவில்லை என்ற மனக்குறை எனக்கு இருந்தது. பாட்டி அந்தக் காலைத் தன் அப்பாவுடையது என்று சொன்ன பிறகு அந்தக் குறை கொஞ்சம் தணிந்தது. சால்கர் 2014இல் காலமானார். அவருக்கும் என் நன்றி.

பசியாறை கொண்டுவந்த பெண்களே, வடைச் சட்டி இரண்டு இன்னும் மண்டபத்தில் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.