அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்க இயலாதவர்களுக்காகப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்துத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண்மை இயக்குநர்களுக்கும், பேருந்து நிலையங்களைப் பராமரிக்கும் நகராட்சி, மாநகராட்சி அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பதின்மூன்று ஆண்டுகளாகப் பெருங்குடல் அழற்சிப் புண் நோயுடன் வாழ்கிறேன். மருத்துவர்கள் இதை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிறார்கள். சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறையில்லை. மாத்திரைகளும் மருத்துவரும் என்னை நிற்க வைத்திருக்கிறார்கள். அந்த மருத்துவரிடம் போய்ச் சேரும் வழியைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த நோய் உள்ளவரிடம் "கொஞ்சம் அடக்கிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. உடலின் எந்த இடம் பழுதாகிறது என்பது தெரியாததால் வரும் கேள்வி அது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே பெருங்குடலின் உட்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குவது இந்த நோய். இது யாருக்கும் தொற்றாது. காரம் தின்றதாலோ கவலைப்பட்டதாலோ உண்டானதும் அன்று. புண் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் படரும். நலமாக இருக்கும் மலக்குடல் ஒரு பையைப் போல விரிந்து கொடுத்து, மலத்தைத் தேக்கி, தக்க இடம் கிடைக்கும்வரை பொறுத்திருக்கும். அழற்சி கண்ட மலக்குடலுக்கு அந்த விரிவு போய்விடுகிறது. உணர்வு வந்த பிறகு கிடைப்பது சில நிமிடங்கள், மோசமான நாட்களில் ஒரே நிமிடம். ஓடிப் போய் உட்கார்ந்தால் பல வேளைகளில் வருவது ரத்தமும் சளியும் மட்டும்தான். எழுந்து வந்ததும் மறுபடி அதே உணர்வு வரும். நோய் கிளர்ந்திருக்கும் காலத்தில் ஒரு நாளில் பத்து, பதினைந்து முறை இது நடக்கும். மன உறுதியால் அடக்கக்கூடிய காரியமாக இருந்தால் நான் என்றோ அடக்கியிருப்பேன்.

எனக்கு நோய் தொடங்கியபோது அதை மூலம் என்றே நினைத்தோம். ரத்தம் போனால் மூலம் என்பதுதானே நம் வீடுகளில் வழக்கம். துத்திக் கீரையும் மோரும் களிம்பும் என்று ஓர் ஆண்டு கழிந்தது. கரும்பலகையின் முன் நிற்க முடியாத அளவுக்குச் சோகை வந்த பிறகுதான், சென்னையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி அழைத்துப் போய்க் குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனாஸ்கோபி) செய்ய வைத்தான். அன்றிலிருந்து குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரை. இடையில் இரண்டு முறை ஸ்டீராய்டு எடுக்க வேண்டியிருந்தது. முகம் உப்பியதைப் பார்த்து உறவினர்கள் "உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்ந்தார்கள். இப்போது எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோபிரின் என்னும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அது ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். இந்த நோய்க்கு மாத்திரையால் முற்றான குணம் கிடையாது. மருந்தைத் தவறாமல் எடுத்தால் பலர் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கலாம், நானும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறேன்.

எட்டு ஆண்டுகளைக் கடந்த நோயாளிகளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுவதால், குறித்த இடைவெளியில் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவ விதி. அதற்கு முதல்நாளே குடலைக் கழுவும் மருந்தை லிட்டர் கணக்கில் குடித்தாக வேண்டும். அதைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறுவது எண்ணிப் பார்க்க முடியாத காரியம். எனவே மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறை எடுத்துத் தங்குகிறேன். என்னால் அந்தச் செலவைத் தாங்க முடிகிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இதே நோய் இருந்தால் அவள் பரிசோதனையைத் தள்ளிப்போடுவாள். தள்ளிப்போட்டவர்கள் சிலரை மருத்துவமனை வரிசையில் நானே சந்தித்திருக்கிறேன்.

சென்னைக்கு ரயிலில் இடம் கிடைத்தால் நான் ரயிலில்தான் போவேன். கிடைக்காதபோது மதுரை வந்து பேருந்து ஏற வேண்டும். பயணத்துக்கு முதல்நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். இரவு ஒரு வாய்த் தண்ணீருடன் மாத்திரை. பையில் மாற்றுப் புடவை, பழைய துணி, ஈரத்தாள், பாலித்தீன் உறை. மேலூர், விராலிமலை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர்களாக இருப்பவை எனக்குக் கழிப்பறைக்கும் கழிப்பறைக்கும் இடையிலுள்ள தூரங்கள். நோயைச் சமாளிக்க நான் கண்ட இந்த வழி நோயை விடவும் கெடுதலானது என்று என் மருத்துவர் எச்சரித்தார். குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது அந்த வாய்ப்பை மேலும் கூட்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பேருந்து நிற்குமா என்பது தெரியாதபோது வேறு என்ன செய்வது?

ஒருமுறை நிற்கவில்லை. எந்த நிறுவனத்தின் பேருந்து என்பது இங்கே தேவையற்றது. நள்ளிரவு தாண்டி, பெரம்பலூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், நடத்துநரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "இன்னும் அரை மணி நேரத்தில் ஓட்டலில் நிறுத்துவோம், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. அவருக்கு நேரக் கணக்கு இருந்தது, ஓட்டுநருக்கு நிறுத்த அனுமதித்த இடம் இருந்தது. எனக்கு இருந்தது இரண்டு நிமிடம். மறுபடி கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது, பேருந்தில் விளக்குப் போட்டார்கள், விழித்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. பின் இருக்கையிலிருந்த ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், தன் துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். நாற்பது வயதில், நூறு பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஒருத்தி, அன்று விடியும்வரை அப்படியே உட்கார்ந்து வந்தேன். அடுத்த இரண்டு பரிசோதனைகளுக்கு நான் போகவில்லை.

இதற்காக யாரையும் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த நடத்துநரின் கையில் ஒரு விதி இருந்திருந்தால் அவர் வண்டியை நிறுத்தியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த விதியைத்தான் கேட்கிறேன். அரசு மருத்துவமனையின் குடல் இரைப்பை மருத்துவர் கையொப்பமிட்ட ஒரு சிறிய அட்டை போதும். அதில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை, "இவருக்கு உடனடியாகக் கழிப்பறை தேவை" என்ற ஒரு வரி இருந்தால் போதும். அதைக் காட்டினால், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய அடுத்த இடத்தில், அது பெட்ரோல் நிலையமோ சுங்கச்சாவடியோ ஊர் முனையோ, கேள்வி கேட்காமல் வண்டியை நிறுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். அதனால் ஆகும் ஐந்து நிமிடத் தாமதத்துக்கு ஓட்டுநரும் நடத்துநரும் விளக்கம் எழுத நேரக் கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்க வேண்டும். முன்பதிவில் படிக்கட்டுக்கு அருகிலுள்ள இருக்கையை இந்த அட்டைக்கு ஒதுக்க முடியுமானால் இன்னும் நல்லது.

இது உலகில் இல்லாத வழக்கம் அன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், குடல் அழற்சியின் இன்னொரு வகையான குரோன் நோயுள்ள ஆலி பெயின் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு கடையில் கழிப்பறை மறுக்கப்பட்டது. அவளும் அவள் தாயும் சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிட, 2005-இல் அங்கே சட்டமே வந்தது. இத்தகைய நோயுள்ள வாடிக்கையாளருக்கு, ஊழியர்களுக்கென்று வைத்திருக்கும் கழிப்பறையையும் கடைக்காரர் திறந்துவிட வேண்டும் என்பது அச்சட்டம். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. ரத்த நோய்களும் நரம்பு நோய்களும் அதில் உண்டு, குடல் நோய் இல்லை. பட்டியலை விரிவாக்குவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. பேருந்தை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

பேருந்து நிலையக் கழிப்பறைகளைப் பற்றி நகராட்சியினருக்கு ஒரு சொல். இரவு பத்து மணிக்குப் பெண்கள் பக்கத்தைப் பூட்டிவிட்டுச் சாவியோடு போய்விடும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது நிற்க வேண்டும். உள்ளே தண்ணீரும், கொக்கி விழும் கதவும், பை மாட்ட ஓர் ஆணியும், துணியைப் போட மூடியுள்ள ஒரு தொட்டியும் வேண்டும். வாசலில் ஐந்து ரூபாய்க்குச் சில்லறை தேடச் சொல்லி நிறுத்தும்போது எங்களுக்கு இருக்கும் நேரம் தீர்ந்துவிடுகிறது. வெளியே வரும்போது காசு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குச் செலவே இல்லை.

டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1909-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒகில் சந்திர சென் என்ற பயணி ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியது. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமதுபூர் நிலையத்தில் ஒதுங்கப் போயிருந்தபோது கார்டு விசில் ஊதிவிட, ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, நடைமேடையில் எல்லார் முன்னாலும் விழுந்ததை அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆங்கிலத்துக்காக இன்றும் மக்கள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்ட அவமானத்தை மறைக்காமல், தம் பெயரைப் போட்டு, உரிய அலுவலகத்துக்கு எழுதிய மனிதராகவே அவர் எனக்குத் தெரிகிறார். அந்தத் துணிவில் கொஞ்சத்தைக் கடன் வாங்கித்தான் நானும் எழுதுகிறேன்.

2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அழுதார். பேருந்து இந்த மாநிலத்தின் பெண்களுக்கு என்ன என்பதை உங்கள் துறை அறியும். நான் கேட்கும் அட்டை எனக்கு மட்டும் உதவுவதன்று. குரோன் நோயுள்ளவர்கள், மலக்குடல் புற்றுக்குக் கதிர்வீச்சுப் பெற்றவர்கள், புராஸ்டேட் வீங்கிய முதியவர்கள், கருவுற்ற பெண்கள் என்று ஒவ்வொரு பேருந்திலும் யாரோ ஒருவர் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

என் அடுத்த பரிசோதனை ஆவணி மாதத்தில் வருகிறது. அதற்குள் ஒரு தடத்தில், மதுரை சென்னைத் தடத்திலாவது, இதைச் சோதனையாகத் தொடங்குமாறு வேண்டுகிறேன். மருத்துவச் சான்றுகளுடன் நேரில் வந்து விளக்க அழைத்தால் வருவேன்.

இப்படிக்கு,
அருப்புக்கோட்டை வட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை