கோடு போட்டவர்களை மட்டும் எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அரபு நாடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிறைய உழைத்து எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஓடும் ஒரு கருத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. துருக்கிய ஆட்சியில் இருந்த அரபுப் பகுதிகளைப் பங்குபோட 1916-இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயரும் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் வரைபடத்தில் கோடு கிழித்தார்களாம். அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டவர்களுக்குத் தேசம் என்ற உணர்வே கிடையாதாம். அதனால்தான் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்களாம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பல காலம் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. இந்தியா என்று ஒரு நாடு இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று ஜான் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேய அதிகாரி 1880-களில் பேசியதை இங்கே படித்துத்தானே வளர்ந்தோம். ஆள வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனதை ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நாமே இன்னொரு நாட்டு மக்கள்மீது சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்தக் கோட்டு விஷயத்துக்கே வருகிறேன். மொராக்கோவில் இன்று அரியணையில் இருக்கும் வம்சம் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆண்டுவருகிறது. பிரான்ஸ் அங்கே காலூன்றியது 1912-இல், கிளம்பியது 1956-இல். எகிப்து எங்கே இருக்கிறது என்று லண்டனிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சிரியாவில் நடந்தது கட்டுரைக்கு நேர் எதிர். 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸை நோக்கி வந்தபோது, யூசுஃப் அல்-அஸ்மா என்ற போர் மந்திரி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தும் சின்னப் படையோடு மைசலூன் என்ற இடத்தில் வழிமறித்து நின்று செத்தார். ஊரைப் பிடித்தவர்கள் நாட்டைத் துண்டு போட்டார்கள். டமாஸ்கஸ் தனி, அலெப்போ தனி, அலவிகள் என்ற சமயப் பிரிவினருக்கு ஒன்று, துரூஸ் என்ற இன்னொரு சமயப் பிரிவினருக்கு ஒன்று, லெபனான் வேறு. ஆளுக்கொரு வேலி போட்டுவிட்டால் யாரும் யாரோடும் சேர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1925-இல் பெரும் கலகம் கிளம்பியதே துரூஸ் மலையிலிருந்துதான். சுல்தான் அல்-அத்ரஷ் தலைமையில் எழுந்து டமாஸ்கஸ் வரை பரவியது. பிரெஞ்சுப் பீரங்கிகள் அந்தப் பழைய நகரத்தின் தெருக்களை இடித்துத் தள்ளின. 'மதம் இறைவனுக்கு, நாடு எல்லோருக்கும்' என்பது கலகக்காரர்களின் முழக்கம். அந்தக் கலகம் ஒடுக்கப்பட்டாலும், லெபனான் தவிர்த்த மற்றத் துண்டுகள் பின்னால் ஒன்றாகி, 1946 ஏப்ரலில் சிரியா என்ற ஒரே நாடாக விடுதலை பெற்றன. தேசிய உணர்வே இல்லாதவர்கள் இப்படிச் செய்திருப்பார்களா?

என்னை ரொம்பவும் உலுக்கியது அல்ஜீரியாவின் கதை. ஆசிரியரே, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் கொடுங்கள். 1830-இல் பிரான்ஸ் அந்த நாட்டைப் பிடித்தது. 1848-இல் அதைப் பிரான்சின் ஒரு பகுதி, மூன்று மாவட்டங்கள் என்றே அறிவித்துவிட்டது. அல்ஜியர்ஸ் நகரத்தின் கெத்ஷாவா பள்ளிவாசலை 1832-இலேயே தேவாலயமாக மாற்றியிருந்தார்கள். 1930-இல் பிடித்த நூறாவது ஆண்டைக் கோலாகலமாகக் கொண்டாடினார்கள். நூறு வருஷம் இப்படிப் போனால் படித்த பிள்ளை என்ன நினைப்பான்? 1936-இல் ஃபர்ஹாத் அப்பாஸ் என்பவர், செத்தீஃப் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர், ஒரு கட்டுரை எழுதினார். அல்ஜீரியத் தேசத்தை வரலாற்றில் தேடிப் பார்த்தேன், இருப்பவர்களைக் கேட்டேன், இறந்தவர்களைக் கேட்டேன், இடுகாடுகளுக்கும் போய்வந்தேன், அப்படி ஒன்று இருந்ததாக யாரும் சொல்லவில்லை என்று அதில் எழுதினார். அவர் துரோகி அல்ல. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், தன் மக்களுக்குப் பிரெஞ்சுக்காரனுக்குச் சமமான உரிமை கேட்டவர். அவருக்குச் சொல்லித்தரப்பட்ட வரலாற்றில் அவர் தேடியது கிடைக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதே வருஷம் அவருக்குப் பதில் எழுதியவர் கான்ஸ்டன்டைன் நகரத்து மார்க்க அறிஞர் அப்துல் ஹமீது இப்னு பாதீஸ். நாங்களும் வரலாற்றில் தேடினோம், எங்களுக்கென்று மொழியும் மார்க்கமும் நல்லதும் கெட்டதுமான பழக்கவழக்கங்களும் உள்ள ஒரு சமுதாயம் கண்ணில் பட்டது, அது பிரான்ஸ் அல்ல, பிரான்சாக ஆகவும் விரும்பவில்லை என்ற பொருளில் அந்தப் பதில் இருந்தது. எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1931-இல் அறிஞர்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1938-இல் அரபு சொல்லிக்கொடுக்கவே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்புறமும் நடத்தினார்கள். இப்னு பாதீஸ் 1940 ஏப்ரல் 16-ஆம் தேதி காலமானார், சுதந்திரத்தைப் பார்க்காமலே. அந்தத் தேதியை அல்ஜீரியாவில் இன்றும் அறிவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு வாத்தியார் இறந்த நாளை நாடு முழுக்க நினைத்துப் பார்க்கிறது என்பதைச் சக ஆசிரியையாக எழுதும்போது மனம் நிறைகிறது.

அப்பாஸ் என்ன ஆனார் தெரியுமா? 1945 மே 8-ஆம் தேதி, ஐரோப்பா போர் முடிந்த வெற்றியைக் கொண்டாடிய அதே நாளில், அவருடைய செத்தீஃப் ஊரில் விடுதலைக் கொடி பிடித்து ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச்சூடு. அதிலிருந்து மூண்ட கலவரத்தை ஒடுக்குகிறோம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1954-இல் விடுதலைப் போர் தொடங்கியது. 1958-இல் அல்ஜீரியாவின் தற்காலிக அரசாங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக உட்கார்ந்தவர் அந்த ஃபர்ஹாத் அப்பாஸ்தான். இடுகாட்டில் தேடியும் தேசம் கிடைக்கவில்லை என்று எழுதிய மனிதர்! இந்த இருபத்திரண்டு வருஷ மாற்றத்தை விட்டுவிட்டு அரபு தேசியத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸாத்ஷா என்று அல்ஜீரியாவில் ஒரு பாலைவனச் சோலை ஊர். 1849-இல் ஷேக் பூஸியான் என்பவர் தலைமையில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்று அழிந்த ஊர். பூஸியானின் தலையை வெட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு அந்த மண்டையோடு பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய், எண் போட்ட பொருளாக நூறு வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. 2020 ஜூலை 3-ஆம் தேதி 24 மண்டையோடுகளை, நாட்டுக்கொடி போர்த்திய பெட்டிகளில், ராணுவ விமானத்தில் அல்ஜியர்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜனங்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். ஜூலை 5, விடுதலை நாளன்று, எல் ஆலியா இடுகாட்டில் அடக்கம் நடந்தது. அவற்றில் பல யாருடையவை என்பதே உறுதியில்லை என்று பின்னால் செய்தி வந்தபோது வயிறு எரிந்தது. பெயர் தெரிந்து அழக்கூட அந்த மக்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இதையெல்லாம் மதுரைக்காரி ஏன் இவ்வளவு சொல்கிறாள் என்று தோன்றலாம். எங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரைத் தெரியாதவர்கள் உங்கள் வாசகர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். ராத்திரியானால் ஆண்கள் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்று பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் கட்டிப்போட்ட சட்டம் அது. நினைவிடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். பெயர்களை வாய்விட்டுப் படிப்பார்கள். யாராவது ஒரு பிள்ளை சட்டென்று நிறுத்தி, "டீச்சர், இது எங்க அப்பத்தா வழி" என்று சொல்லும். அதன்பின் குற்றப்பரம்பரை என்றால் என்ன என்று நான் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

அதே 1920-இல், சில மாதங்கள் தள்ளி, ஈராக்கில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சி. பாக்தாத் பள்ளிவாசல்களில் ஷியாக்களும் சன்னிகளும் ஒன்றாகக் கூடினார்கள். யூஃப்ரட்டிஸ் கரைக் குடிகள் ஆயுதம் எடுத்தார்கள். அதை அடக்கப் போன படையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. அதற்கு முன்பே, முதல் உலகப்போரில், மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இருந்தது. இங்கே நம்மைச் சுட்ட அதே ஆட்சி, அங்கே சுட நம் ஆட்களைக் கூட்டிப்போனது. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. ஈராக்கியர்கள் இன்றும் தங்கள் நாட்டின் கதையை அந்த 1920-இலிருந்துதான் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

கீழடி விஷயத்தில் நமக்கு இருந்த கவலை ஈராக்கியர்களுக்கும் இருந்தது. பாக்தாத் அருங்காட்சியகத்தை 1926-இல் நிறுவியவர் ஜெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தோண்டியெடுத்ததில் ஒரு பங்கு வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு என்பது அப்போதைய ஏற்பாடு. 1930-களில் சாதிஃ அல்-ஹுஸ்ரி என்ற அரபுத் தேசியச் சிந்தனையாளர் தொல்பொருள் துறைக்குத் தலைமை ஏற்ற பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். அந்த மண்ணில் கிடைத்தது அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். கீழடியில் எடுத்ததை மைசூருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்ததையும், 2023-இல் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறந்ததையும் பார்த்த நமக்கு அவர்கள் மனசு புரியாதா? 2003 ஏப்ரலில் அதே பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது அந்த ஊர்க்காரர்கள் அழுததும் இதனால்தான்.

எகிப்தில் மஹ்மூத் முக்தார் என்ற சிற்பி செய்த சிலையையும் சொல்ல வேண்டும். அஸ்வான் இளஞ்சிவப்புக் கருங்கல்லில், முன்னங்காலை ஊன்றி எழும் ஸ்ஃபிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட உருவம்), அதன் தலையில் ஒரு கை வைத்து மறு கையால் முகத்திரையை விலக்கும் குடியானவப் பெண். ஜனங்கள் கொடுத்த நிதியையும் கொண்டு உருவாகி, 1928-இல் கெய்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே திறந்தார்கள். 1955 முதல் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலேயருக்கு எதிரான 1919 கிளர்ச்சியில் பிறையும் சிலுவையும் சேர்ந்த கொடியைப் பிடித்த மக்களின் சிலை அது. யாரும் வரைபடத்தில் கிழித்துக் கொடுத்ததல்ல.

சரி, இவர்கள் எழுப்பிய தேசியத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பின் அல்ஜீரியா, பிரெஞ்சை விலக்கி அரபைக் கொண்டுவந்த வேகத்தில், அரபு வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த அமாசிக் மக்களின் தமாசிக்த் மொழியை ஓரம் கட்டியது. இத்தனைக்கும் இப்னு பாதீஸே அமாசிக் வழி வந்த சன்ஹாஜி குடும்பத்தவர். 1980-இல் திசி ஊசூ நகரத்தில் அமாசிக் மக்களில் ஒரு பிரிவினரான கபிலியரின் பழைய கவிதை பற்றிய ஒரு சொற்பொழிவைத் தடை செய்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1965 ஜனவரியில் மதுரை வீதிகளில் மொழிக்காக மாணவர்கள் இறங்கியதைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் திசி ஊசூவைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2002-இல் அந்த மொழி தேசிய மொழியானது, 2016-இல் ஆட்சிமொழி ஆனது. என்னிடம் படித்த ஒருவர் அங்கே எரிவாயு ஆலையில் வெல்டராக இருந்துவிட்டு வந்தார். அரசு அலுவலகப் பலகைகளில் அரபுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் வட்டமும் கோடுமாக மூன்றாவது எழுத்து ஒன்று இருக்கும் டீச்சர், அது எங்கள் மொழி என்று கூட வேலை பார்த்த ஒருவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார் என்றார். எகிப்தும் இதில் விலக்கல்ல. 1958-இல் சிரியாவோடு சேர்ந்தபோது தன் பெயரையே விட்டுவிட்டு ஐக்கிய அரபுக் குடியரசு ஆனது. சிரியா 1961-இல் விலகிப் போன பின்பும் 1971 வரை அந்தப் பெயரிலேயே இருந்தது.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 1916 ஒப்பந்த வரைபடத்தை அச்சிட்டு, இன்றைய எல்லைகள் இவையே என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த ஒப்பந்தத்தில் மோசூல் பிரெஞ்சுப் பங்கில் இருந்தது. பின்னால்தான் ஈராக்கோடு சேர்ந்தது. சிரியாவைப் பிரெஞ்சுக்காரர்கள் துண்டு போட்ட வரைபடத்தையும் பக்கத்தில் போடுங்கள். அப்புறம், ஆங்கிலத்தில் வந்ததை மட்டும் வைத்து எழுதாமல், அரபு படித்தவர்களிடம் கேட்டு எழுதச் செய்யுங்கள். மதுரையில் முஸ்லிம்கள் வாழும் காஜிமார் தெருவில் கேட்டால் ஆள் கிடைக்கும், நம் கல்லூரிகளில் அரபுப் பேராசிரியர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்