அப்பாவின் இடப்பக்கத்தைக் கூப்பிட ஒரு கருவி: பயோமெடிக்கல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களே,

வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பொறியாளர் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில், பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்.

அப்பா தச்சர். எந்தக் கட்டையைக் கொடுத்தாலும் கண்ணாலேயே மையம் பார்த்துக் கோடு போடுவார், அப்புறம்தான் டேப் வைத்துச் சரிபார்ப்பார். ஒரு நூல்கூடத் தப்பாது. பக்கவாதம் வந்து நான்கு மாதம் கழித்து, அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வெள்ளைத்தாளில் ஒரு கோடு போட்டு, "இதுல நடுப்புள்ளி வைங்கய்யா" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. வலது ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்று நிமிர்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நான்கு மாதமும் என்ன நடக்கிறதென்று எங்களுக்குப் புரியவில்லை. இலையில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். உப்பும் ஊறுகாயும் இலையின் இடது ஓரத்தில் இருக்கும். "உப்பு வைக்கலையா?" என்று அம்மாவிடம் கோபப்படுவார். முகத்தில் வலது பாதியை மட்டும் ஷேவ் செய்துகொள்வார். தன் கையால் செய்து மாட்டிய வாசல் நிலையிலேயே தினமும் இடது தோளை இடித்துக்கொள்வார். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் இடது கை, கால் பலவீனம் என்று மட்டும்தான் இருந்தது. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துப் புதுக் கண்ணாடி வாங்கினோம். பயனில்லை.

தெரபிஸ்டுகள் இதை 'நெக்லெக்ட்' என்கிறார்கள். தமிழில் 'புறக்கணிப்பு' என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே செய்வதுபோல் இருக்கிறது. அப்பா இடப்பக்கத்தை ஒதுக்கவில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவர் கவனத்துக்கு வருவதில்லை. மூளையின் வலப்பாதி பாதிக்கப்படும்போதுதான் இது பெரும்பாலும் வருகிறது. கண் பார்க்கிறது, கவனம்தான் அங்கே போவதில்லை. 1978-ல் பிசியாக், லுசாட்டி என்ற இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனதுக்குள் நினைத்துப் பார்த்து விவரிக்கச் சொன்னபோது, நோயாளிகள் பெரும்பாலும் தங்கள் வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்டுப்போன கட்டடங்களைச் சொன்னார்கள், முதலில் சொன்னவை விட்டுப்போயின. நினைவிலேயே ஒரு பாதி நழுவுகிறது என்றால், கண்ணாடிக்கடையில் இதற்கு மருந்து ஏது?

சரி, கருவிக்கு வருகிறேன். நீங்கள் பக்கவாதத்துக்கு என்று செய்பவற்றில் நான் அதிகம் பார்ப்பது விரலை மடக்கும் கையுறையும் நடைக்கருவியும்தான். சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து கைப்பயிற்சிக்காக 'புளூட்டோ' என்ற சிறிய ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் இடது கை என்று ஒன்று இருப்பதே நினைவில் வராதவருக்கு, அந்தக் கைக்குக் கிடைத்த பலம் எப்படிப் பயன்படும்?

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. இடக்கையை இடப்பக்கத்திலேயே வைத்து அசைத்தால் கவனமும் அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புகிறது என்று 1990களில் இயன் ராபர்ட்சன் குழுவினர் பிரிட்டனில் கண்டார்கள். சிறிது நேரம் இடக்கை அசையாவிட்டால் ஒலியெழுப்பும் கருவியையும் பயன்படுத்தினார்கள். 1998-ல் பிரான்சில் ரொசெட்டி குழுவினர், காட்சியை 10 டிகிரி வலப்பக்கம் தள்ளும் பட்டகக் கண்ணாடியை மாட்டி, எதிரே இருப்பதைச் சில நிமிடங்கள் விரலால் தொடப் பழக்கினார்கள். கழற்றிய பிறகு கை இடப்பக்கம் சாய்ந்தது, கவனிப்பும் இரண்டு மணி நேரமாவது மேம்பட்டது. கழுத்தின் இடப்பக்கத் தசையில் அதிர்வு கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, 2021-ல்கூட எந்த முறையும் அன்றாட வாழ்க்கையில் நிச்சயமாக உதவுகிறது என்று சொல்லவில்லை. முடிந்துபோன விஷயம் இல்லை இது, நீங்கள் வர இடம் இருக்கிறது.

நானே ஒரு சோதனை செய்தேன். தம்பியின் பழைய ஃபிட்னஸ் பேண்டை அப்பாவின் இடது மணிக்கட்டில் கட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்தேன். முதல் நாள் ஒவ்வொரு அதிர்வுக்கும் கையைத் தூக்கிப் பார்த்தார். மகிழ்ந்துபோனேன். நான்காம் நாள், ஓடும் ஃபேன் சத்தம் போல அது அவருக்குக் காணாமல் போயிருந்தது. ஒரே இடைவெளியில் வந்ததாலா, கை அசைந்த பிறகும் அடித்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை. கை அசைகிறதா என்று பார்த்து, அசையாதபோது மட்டும், எதிர்பாராத நேரத்தில் கூப்பிடும் ஒன்று வேண்டும். அசைவை அறியும் சென்சாரும் அதிரும் மோட்டாரும் அந்தப் பேண்டிலேயே இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் அறிவைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் அதிர்வு வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் இவர்களுக்கு இடப்பக்கத்தது தெரியாமலே போய்விடும் என்று தெரபிஸ்ட் செய்து காட்டினார்.

அப்புறம், சாப்பாட்டு நேரம். நம் வீடுகளில் சாப்பிடும்போது இடக்கை சும்மாதான் இருக்கும். வெளிநாட்டுக் கருவியை அப்படியே கொண்டுவந்தால் சோறு உண்ணும் நேரம் முழுக்கக் கத்தும். ஆனால் தண்ணீர் டம்ளரை இடக்கையால்தான் எடுப்போம். அதையே பயிற்சியாக்கலாம். அம்மாவைப் போன்றவர்களுக்குக் கையில் வளையல் இருக்கும், அதற்கும் இடம் விடுங்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், ஆகவே ஆப் வேண்டாம். தன்னிடம் குறை இருப்பதையே அப்பா ஒப்புக்கொள்வதில்லை. "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன்?" என்பார். அவராக எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டிய எந்தக் கருவியும் பெட்டியிலேயேதான் கிடக்கும். குரல் வைப்பதாக இருந்தால் 'இடதுபுறம் நோக்கவும்' என்று வேண்டாம். அப்பா திரும்புவது "பீச்சாங்கைப் பக்கம் பாருங்க" என்றால்தான்.

தாளில் இருக்கும் நட்சத்திரப் படங்களையெல்லாம் தேடிக் கோடு போட்டு அடிக்கச் சொல்லும் சோதனையில் மதிப்பெண் எடுத்துவிட்டுக் கருவி வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அப்பா இப்போது அந்தத் தாளில் நன்றாகவே செய்கிறார், நிலையில் இடிப்பது நிற்கவில்லை. இலையில் எவ்வளவு மிச்சம், சட்டையின் இடது கையை மாட்டினாரா என்று பாருங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியதிலிருந்து பிசியோதெரபிஸ்டுகள் வீடுகளுக்கே வருகிறார்கள். அவர்களோடு ஒரு வாரம் சுற்றுங்கள். ஆய்வகத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். வந்தால் அப்பாவின் வலப்பக்கமாக வந்து நில்லுங்கள், அப்போதுதான் உங்களைப் பார்ப்பார். மரத்தைப் பற்றிக் கேளுங்கள், நன்றாகப் பேசுவார். பேச்சு சூடுபிடித்ததும் மெல்ல இடப்பக்கம் நகருங்கள். அவர் கண் எந்த இடம் வரை உங்களோடு வருகிறது, எங்கே விட்டுவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு தச்சரின் மகள்