நோட்டில் இல்லாத மீன்

மேட்டூர் அணை
ஆடி 20

அன்புள்ள கண்ணு மலர்,

இங்கே எல்லோரும் நலம். ஆடிப்பெருக்குக்கு இந்த வருடமும் அணை முனியப்பன் கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. அம்மா காவிரிக்கு மஞ்சளும் காதோலையும் விட்டுவிட்டு வந்தாள். நான் வழக்கம்போல மீன் வறுக்கிற கடை வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தட்டில் இருந்ததில் முக்கால்வாசி ஜிலேபிக் கெண்டை. மீதி கட்லா, ரோகு. காவிரியின் சொந்த மீன் ஒன்றுமில்லை. அதைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

மீன் குஞ்சுப் பண்ணை வேலையில் நான் எழுதிய பழைய நோட்டுகளை நீ கேட்டு மூன்று மாதமாகிறது. பரணில் தேடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய். அவை எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே எனக்குத் தெரியும். கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நம் பொம்மீனைப் பற்றி, அதுதான் இங்கிலீஷில் மஹ்சீர் என்கிறார்களே, அந்தப் பெரிய ஆற்று மீனைப் பற்றி நீ அனுப்பிய இரண்டு கட்டுரைகளையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. அந்த காலிபோர் தூண்டில் முகாமின் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகப் பக்கத்துக் காவிரியில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட வருவார்கள், பொம்மீனைப் பிடித்து எடை பார்த்துத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள் என்று அப்போதே கேள்விப்பட்டிருக்கிறேன். ‘பிடித்ததை விடுவதற்கு எதற்கடா விமானம் ஏறி வருகிறான்’ என்று பண்ணையில் சிரிப்போம். அந்த ஆட்கள் 1998லிருந்து 2012 வரை எழுதிவைத்ததுதான் இன்றைக்கு ஆராய்ச்சிக்கு ஆதாரமாகியிருக்கிறது. 23,620 மணி நேரம் தூண்டில், 6,161 மீன். மீன் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் பெருமைக் கணக்கு. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதையும் சேர்த்து எழுதியதால்தான் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடிந்தது. நீ இருக்கிற ஸ்காட்லாந்தில் 1952லிருந்தே சால்மனுக்குத் தூண்டில் கணக்கு இருக்கிறது என்று சொன்னாயே, அதன் அருமை இப்போதுதான் புரிகிறது.

அந்தக் கணக்கு சொல்வது என்ன? மொத்தத்தில் பொம்மீன் பெருகியிருக்கிறது. அதுவரைக்கும் படித்துவிட்டு எனக்கு சந்தோஷம். அப்புறம்தான் அடுத்த பத்தி. பெருகியது நீலத் துடுப்பு மீன். அது கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்தது. 1970களில் புனேவுக்குப் பக்கத்தில் லோனாவாலாவில் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கவைத்து, அங்கிருந்து பல ஆறுகளுக்கும் போனது. காவிரிக்கே உரிய, முதுகில் திமில் வைத்த, செந்துடுப்பு மீன் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. கிடைத்த சிலதும் பெரிய மீன்கள். பின்னால் குட்டி வரவில்லை. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரி.

கபினியில் 1946ல் தூண்டிலில் பிடித்த 120 பவுண்டு மீன், அதாவது 54 கிலோ, இந்த ஜாதிதானே? உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மீனுக்கு, அறிவியல் பேர் எது என்று முடிவாக 2018 ஆகியிருக்கிறது. அந்தப் பேர் ‘டோர் ரெமாதேவி’ (Tor remadevii). முன்பே பாம்பாற்றுக் குட்டி மீன்களைப் பார்த்து வைத்த பேர். பாம்பாறு நம் அமராவதிக்கு வருகிற தண்ணீர்தான். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ரெமாதேவி அம்மா நினைவாக வைத்தது என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ‘ஒரு பொம்பளை பேர் வச்சிருக்காங்க பாரு’ என்று அவளுக்கு ஒரே பெருமை. அந்தக் குட்டிகளை, பவானியில் சேர்கிற மோயாற்றில் கிடைத்த திமில் மீனோடு டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இரண்டும் ஒன்று என்று தெரிந்திருக்கிறது. பேர் உறுதியான அதே வருடம் மிக அருகிய இனம் என்று, அழியும் உயிர்களைக் கணக்கெடுக்கிற உலகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த நீலத் துடுப்பு மீனோ அதே 2018ல் கவலை குறைந்த பட்டியலுக்கு இறங்கிவிட்டது.

சரி, இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். மொத்தம் ஒன்பது. எல்லாம் நாங்கள் ஆற்றிலும் அணையிலும் ஏரிகளிலும் விட்ட குஞ்சுக் கணக்கு. தேதி, இடம், எத்தனை பை, ஒரு பைக்கு எத்தனை குஞ்சு, வழியில் செத்தது எத்தனை. இவ்வளவும் இருக்கிறது. விடுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. விட்டபிறகு என்ன ஆயிற்று என்றும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. லட்சக்கணக்கில் விட்டோம் என்று மேலே அனுப்பினால் பாராட்டு வரும். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் அடைத்து, பையைக் கால் மணி நேரம் ஆற்றிலேயே மிதக்கவிட்டு, சூடு சமமானபிறகு வாயை அவிழ்த்து மெதுவாகச் சாய்ப்போம். குஞ்சு சாகக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கறார். அந்தக் கவனத்தை ஆற்றின் மேல் வைக்கவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நான்காவது நோட்டில் ஓர் இடத்தில் ‘பொம்மீன் குஞ்சு’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். எந்தப் பொம்மீன்? வெளியிலிருந்து வந்த பைகள் அவை. எங்களுக்கு எல்லாம் பொம்மீன்தான். துடுப்பு நிறத்தைப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? விரல் நீளக் குஞ்சில் பார்த்தாலும் தெரிந்திருக்காது. அநேகமாக நீலத் துடுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பைகளை ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். இதைத்தான் உன்னிடம் காட்டக் கூச்சப்பட்டேன்.

அதற்காக, குஞ்சு பொரிப்பதே குற்றம் என்கிற மாதிரி நீ எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1957ல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தாரே, அதற்கு முன்னால் கட்லா குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் வெள்ளம் வரும்போது வடித்துத்தான் எடுக்கவேண்டும். ஏழை வீட்டில் வாரம் ஒருமுறை மீன் குழம்பு வந்தது அந்த ஊசியால். சாயங்காலம் தாய் மீனுக்கு ஒரு ஊசி, ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது, விடியும்போது தொட்டி முழுக்க ஜவ்வரிசி மாதிரி முட்டை. நீ சின்னப் பிள்ளையாக என்னோடு வந்து அதைப் பார்த்துவிட்டுத்தானே மீன் படிப்பு என்று அடம் பிடித்தாய்! குளத்துக்கும் ஏரிக்கும் அந்த வேலை சரி. ஆற்றுக்கும் அதே கணக்கு என்று நினைத்தோம், அங்கேதான் பிசகியது.

இதில் உனக்கு நான் சொல்லவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. செந்துடுப்பு மீனையும் பண்ணையில் பொரிக்கவைத்து ஆற்றில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் வருவார்கள். உன்னிடமும் கேட்பார்கள். குஞ்சு எத்தனை என்று கேட்காதே, தாய் எத்தனை என்று கேள். பண்ணை வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று தொட்டியில் விடுவோம். நன்றாக முட்டை போட்ட தாயை அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்வோம். அதன் பிள்ளைகளில் வாட்டசாட்டமானதைப் பொறுக்கி அடுத்த தாயாக்குவோம். நாலைந்து வருடத்தில் குளத்தில் இருப்பதெல்லாம் அண்ணன் தங்கைதான். கெண்டையில் அது மெதுவாகத் தெரியும்: வளர்த்தி குறையும், வாய் கோணும். குளத்தில் என்றால் வேறு பண்ணையிலிருந்து தாய் வாங்கிக்கொள்ளலாம். மோயாற்றில் மிஞ்சியதே கைவிரல் விட்டு எண்ணுகிற அளவு என்றால், அதில் பத்தைப் பிடித்துத் தொட்டியில் போடுவதற்கு முன்னால் நூறு முறை யோசிக்கவேண்டும். அதற்குப் பதில் வெடி போடுகிறவனை நிறுத்துவதும், முட்டையிடுகிற காலத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதும் மலிவு. மோயாற்றுத் தண்ணீர் மேலே மின்சாரம் எடுத்தபிறகு வருவது என்பதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

காலிபோர் முகாமை 2012ல் மூடியது பற்றிக் கேட்டிருந்தாய். சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்பது சட்டம், நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூண்டில்காரர்கள் இருந்தவரை உள்ளூர் ஆட்கள் கரையில் இராப்பகலாக நடமாடினார்கள். அந்தச் சம்பளம் நின்றால் கரையில் யார் நிற்பார்கள்? என் கவலை அவ்வளவுதான்.

கடைசியாக, என் நினைவில் இருக்கிற ஆற்று மீன். நானே கண்ணால் பார்த்ததையும், பரிசல்காரர்கள் சொன்னதையும் கலக்காமல் தனித்தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் தாளில் செந்துடுப்பு மீன் ஒரே ஒரு தடவைதான். நீ பிறப்பதற்கு முந்தின வருடம், ஒகேனக்கல்லில் இரண்டு பேர் மூங்கில் கழியில் கோத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வால் தரையைத் தொட்டது. துடுப்பு பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. எடை கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது தாள் நீளம். அதை எவ்வளவு நம்பலாம் என்று நீதான் முடிவு செய்யவேண்டும். பரிசல்காரன் சொல்கிற மீன் வருடத்துக்கு ஒரு முழம் வளரும்.

எதிர் வீட்டுப் பையன் அடுத்த மாதம் லண்டன் போகிறான். அவனிடம் ஒன்பது நோட்டையும் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே அம்மா இடித்த மீன் குழம்புப் பொடியும் வரும். பொடி கொட்டினாலும் படாமல் நோட்டைத் தனியாக பிளாஸ்டிக்கில் கட்டியிருக்கிறேன். நான்காவது நோட்டில் அந்தப் பொம்மீன் பக்கத்தில் தீக்குச்சி வைத்திருக்கிறேன், தேடவேண்டாம். ஏழாவது நோட்டைப் பூச்சி அரித்திருக்கிறது, பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா