பகடை உருட்டும் பையனின் அம்மாவுக்கு

அக்கா,

போன வாரம் மாடிப்படியில் நின்று கேட்டீர்களே, "ஞாயித்துக்கிழமையானா உங்க வீட்ல வந்து பகடை உருட்டுறான், இது சூது இல்லாம வேற என்ன?" என்று. கையில் தோசை மாவுத் தூக்கு இருந்தது, சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். உங்கள் பயம் நியாயம்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்த நமக்குப் பகடை என்றாலே தருமர் நாட்டைத் தோற்றதுதான் ஞாபகம் வரும்.

எங்கள் ஆட்டத்தில் பணம் கிடையாது. இதுவும் ஒரு மாதிரிக் கூத்துதான். ஒருவர் கட்டியங்காரன், இடத்தைச் சொல்லி, "இப்போ என்ன செய்யப் போறே?" என்று கேட்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம், அரிதாரம் இல்லாமல், வெறும் பேச்சில். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இதற்கெல்லாம் முன்னோடி. எனக்கு டிராகனைவிட நம் வேலூர்க் கோட்டையைத் தெரியும். அதனால் அங்கே சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளம்பிய 1806 ஜூலை 9 இரவை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகன் சிப்பாய், வெள்ளைக்காரர்கள் போடச் சொன்ன புதுத் தலைப்பாகையைப் போட மறுத்தவன். நிஜத்தில் என்ன நடந்தது? கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஆற்காட்டுக்குத் தகவல் கொண்டுபோக, அங்கிருந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்துவிட்டார். இதையெல்லாம் அவன் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தான்! "அந்த அதிகாரியை வழியிலேயே மடக்கணும்" என்று பகடையை உருட்டினான். விழுந்தது 3. குதிரை இடறிவிட்டது, அதிகாரி போய்விட்டார்.

கேரம் தோற்றால் காய்களைக் கலைத்துவிடுவான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "சரி, அப்போ கோட்டைக் கதவைச் சாத்துவோம்" என்றான். அந்தக் கதவைத் தனியாளாகச் சாத்த முடியாது. மற்ற மூன்று பேரோ கொள்ளையில் மும்முரம் (அதுவும் வரலாறுதான்). ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினான். அதில் ஒருவர் தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், என் வயசு. "அண்ணே, தங்கம் நாளைக்கும் இருக்கும், கதவு இருக்காது" என்றதும் அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டார். இன்னொருத்தி, காலேஜ் படிக்கும் பெண், கடைசிவரை வரவில்லை. அவளை அவன் திட்டவில்லை, இருப்பவர்களை வைத்துத் திட்டத்தை மாற்றினான். நான் எழுதி வைத்திருந்த மூன்று பக்கக் கதை குப்பைக்குப் போனது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இதனால் மார்க் ஏறுமா என்றால், ஏறாது. ஆனால் நாலு மணி நேரம் யாரும் போனைத் தொடவில்லை. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

ஆட்டம் கதவருகே நிற்கிறது. இந்த ஞாயிறு வெயில் தாழ்ந்ததும் நீங்களும் மாடிக்கு வாருங்கள். கில்லெஸ்பி வேடத்துக்கு ஆள் இல்லை.